சதுப்பு நிலத்துப் பட்டர்கப்: மூணாறு மேட்டில் தேடி, பிரித்தறிந்து, பதிந்து வைக்கும் முறை

மஞ்சள் பூ, ஐந்து இதழ், ஈரமான இடம். இந்த மூன்றை மட்டும் வைத்து பட்டர்கப் என்று எழுதிவிடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு. மூணாறு, வட்டவடை பக்கத்துச் சதுப்புகளில் இந்த மூன்றும் பொருந்தும் செடிகள் வேறு நான்கைந்து உண்டு. பூவை மேலிருந்து பார்த்துப் பெயர் சொல்ல முடியாது. அடியிலிருந்து மேலே வர வேண்டும். கடைசிச் சொல் காயிடம்தான்.

தமிழில் இந்தச் செடிக்கு நிலைத்த பெயர் கிடையாது. அதனால் இங்கே பட்டர்கப் என்றே வைத்துக்கொள்வோம். பேரினப் பெயர் ரனன்குலஸ். லத்தீனில் 'சின்னத் தவளை' என்று பொருள். தவளை இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும் என்பதால் வந்த பெயர்.

1. இடம், நேரம், அனுமதி

நம் பக்கம் இது உயர்ந்த மலைச் செடி. கீழே கம்பம், போடி வாய்க்கால் ஓரங்களில் தேடிப் பயனில்லை. 2,000 மீட்டரை ஒட்டிய புல்மேடுகள், சோலை ஓரத்து ஊற்றுகள், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் வயல் என்று சொல்லப்படும் சதுப்புகள், இவைதான் பார்க்க வேண்டிய இடங்கள்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கொட்டும்போது போக வேண்டாம். பூ பாதி மூடிக் கிடக்கும், மகரந்தம் கரைந்திருக்கும், அட்டையும் விடாது. மழை விட்டு வெயில் வந்த நாளில், மூடுபனி விலகிய பிறகு 10 மணியிலிருந்து 1 மணிக்குள் பாருங்கள். ஒரே செடியில் மொட்டு, பூ, காய் மூன்றும் இருக்கும் பருவம்தான் வேண்டியது. பூ மட்டும் இருக்கிற நாளில் போனால் பாதி வேலைதான் முடியும்.

இரவிகுளம், பாம்பாடும் சோலை, ஆனமுடி சோலை, மதிகெட்டான் சோலை ஆகியவை தேசியப் பூங்காக்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே அனுமதியில்லாமல் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. படம் எடுத்து, குறிப்பு எழுதுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரவிகுளத்தை வரையாடு குட்டி போடும் காலத்தில் மூடிவிடுவார்கள், அதையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தோட்டத்து வயல் என்றால் எஸ்டேட் ஆபீசில் சொல்லிவிட்டு இறங்குங்கள். அனுமதிக்காக மட்டும் இல்லை: யானையும் காட்டுமாடும் தண்ணிக்கு இறங்கும் இடம் அது. காலையில் எது எந்தப் பக்கம் நின்றது என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

2. தொடும் முன்: இதன் நஞ்சு

பச்சைச் செடியில் ரனன்குலின் என்ற பொருள் இருக்கிறது. நசுக்கினால் அது புரோட்டோஅனிமோனின் ஆக மாறும். அந்தச் சாறு தோலில் நின்றால் எரிச்சல் வரும், கொப்புளமும் வரலாம். கண்ணில் பட்டால் இன்னும் மோசம். அதனால் இலையை விரலில் கசக்கி மணம் பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். வாயில் வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. பூவை வெட்டிய பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

சாறு காற்றில் கிடந்து செடி காயும்போது இந்தப் புரோட்டோஅனிமோனின், அனிமோனின் என்ற வேறு பொருளாக மாறிவிடும். அதற்கு எரிக்கும் குணம் இல்லை. நன்றாகக் காய்ந்த மாதிரியைக் கையாளும்போது பயப்பட வேண்டியதில்லை. மாட்டுக்கும் பச்சைச் செடிதான் ஆபத்து. மேய விட்ட மாடு காரத்தை உணர்ந்து ஒதுக்கிவிட்டுப் போகும், அதனால்தான் மற்ற புல் தீர்ந்த வயலில் மஞ்சள் பூ மட்டும் மிஞ்சி நிற்கிறது. ஆனால் அறுத்த பச்சைப் புல்கட்டோடு கலந்து போட்டால் மாட்டுக்குப் பிரிக்கத் தெரியாது. எச்சில் ஒழுகுவது, வாய்ப்புண், கழிச்சல் என்று காட்டும்.

மனிதர்களுக்கு ஆபத்து வல்லாரை பறிக்கும்போதுதான். ரனன்குலஸ் ரெனிஃபார்மிஸ் என்ற நம் மலைச் சிற்றினத்தின் அடி இலை சிறுநீரக வடிவம், விளிம்பில் பற்கள். வல்லாரை இலையும் (மலையாளத்தில் குடங்கல், முத்தில்) கிட்டத்தட்ட அதே வடிவம்தான். பூ இல்லாத நாளில் இப்படிப் பிரிக்கலாம்: வல்லாரை தரையோடு ஓடும் கொடி. ஒரு இலையைப் பிடித்துத் தூக்கினால் செந்நிறத் தண்டும் கணுவுக்குக் கணு வேரும் தொடர்ந்து வரும். ரெனிஃபார்மிஸ் ஓடாது, ஒரே வேரிலிருந்து இலைகள் கொத்தாக எழும், காம்பில் ரோமம் தெரியும். சந்தேகம் இருந்தால் அந்தப் பறிப்பைச் சமையலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் கோடு போட்ட சின்ன ஸ்கேல், புது பிளேடு, தையல் ஊசி, நுனி மெலிந்த இடுக்கி. கொஞ்சம் செய்தித்தாள், தபால் உறை அளவில் நாலைந்து காகித உறைகள். எழுதப் பென்சில். பேனா மை ஈரத்தில் ஊறி, வீட்டுக்கு வரும்போது நீலக் கறை மட்டும் மிஞ்சும். அட்டைக்கு உப்புப் பொட்டலம்.

20 மடங்கு லென்ஸ் வாங்கத் தேவையில்லை. காட்சிப் பரப்பு சுருங்கி, காற்றில் ஆடும் பூவைப் பிடிக்க முடியாமல் போகும்.

4. முதலில் ஈரத்தை அளவிடுங்கள்

செடிக்கு முன் மண். குதிகாலை அழுத்தி எடுங்கள். குழியில் உடனே தண்ணீர் நிறைந்தால் 'தேங்கிய நீர்'. மெல்ல ஊறினால் 'ஊற்று ஈரம்'. குழி பளபளப்பாக மட்டும் நின்றால் 'ஈர மண்'. இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள். கூடவே வெயிலா நிழலா, தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதும்.

சிற்றினங்கள் ஈரத்தையும் நிழலையும் பார்த்துத்தான் இடம் பிடிக்கின்றன. ரெனிஃபார்மிஸ் திறந்த புல்மேட்டுச் செடி. ரனன்குலஸ் வாலிச்சியானஸ் சோலை ஓரத்து நிழலில், தரையோடு படர்ந்து கிடக்கும். சாக்கடை ஓரம், மண் புரட்டிய இடம் என்றால் வெளியிலிருந்து வந்த சிற்றினமாக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு வந்த பிறகு இதை நினைவிலிருந்து எழுதினால் எல்லாமே 'சதுப்பு' ஆகிவிடும்.

5. அடியிலிருந்து மேலே

பூவைப் பார்க்காமல் தண்டின் அடியை விலக்கிப் பாருங்கள். செடி நிமிர்ந்து நிற்கிறதா, படர்கிறதா? படர்ந்தால் கணுவில் வேர் விட்டிருக்கிறதா? இதற்காகப் பிடுங்க வேண்டாம், விரலால் பாசியை ஒதுக்கினால் போதும்.

அடுத்து இலைக்காம்பின் அடி. பட்டர்கப்பில் காம்பின் அடி அகன்று, உறைபோலத் தண்டைத் தழுவியிருக்கும். தனியாக இலையடிச் செதில் (காம்படியின் இரு பக்கமும் நிற்கும் குட்டி இலை போன்ற உறுப்பு) இருக்காது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பின்னால் வரும் பெரிய குழப்பத்தில் பாதியை இதுவே தீர்த்துவிடும்.

பிறகு இலை. அடி இலை ஒன்று, தண்டின் நடு இலை ஒன்று, பூவுக்குக் கீழுள்ள இலை ஒன்று என்று மூன்றையும் வரைந்துகொள்ளுங்கள். ஒரே செடியில் இவை மூன்றும் மூன்று மாதிரி இருக்கும்: கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகி, வெறும் பட்டையாகக்கூட ஆகிவிடும். மேல் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்துவிட்டு, புத்தகத்தோடு பொருந்தவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்கள் பலர்.

6. பூவைக் கவிழ்த்துப் பாருங்கள்

பூவைப் பறிக்காமல், காம்பை மெல்ல வளைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். குறிக்க வேண்டியவை மூன்று. புல்லி இதழ்கள் ஐந்தும் அல்லி இதழோடு ஒட்டி விரிந்திருக்கின்றனவா, காம்பை நோக்கி மடங்கித் தொங்குகின்றனவா? பூக்காம்பு உருண்டையா, நெடுக வரிப்பள்ளம் ஓடுகிறதா? புல்லி வட்டத்துக்கு வெளியே இன்னொரு பச்சை வட்டம் உண்டா?

மூன்றாவது கேள்விக்கு 'உண்டு' என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அது பட்டர்கப் இல்லை.

புல்லி மடங்கியிருக்கிறதா என்பதை முழுதாக விரிந்த பூவில் மட்டும் பாருங்கள். மொட்டிலும் பாதி விரிந்த பூவிலும் எல்லாச் சிற்றினத்திலும் அது நிமிர்ந்தே இருக்கும். நாள் கடந்த பூவில் உதிர்ந்தே போயிருக்கும்.

7. இதழின் அடியில் ஒரு பை

இப்போது ஒரே ஒரு இதழை இடுக்கியால் அடியில் பிடித்து இழுங்கள். லென்ஸை எடுத்து, இதழ் பூவோடு சேர்ந்திருந்த அடியில், உள்பக்கம் பாருங்கள். ஒரு சின்னக் குழியோ, மேல்சட்டைப் பைபோல மூடிய ஒரு செதிலோ இருக்கும். அதுதான் தேன்சுரப்பி. சதுப்பில் கூட வளரும் மற்ற மஞ்சள் பூக்களில் இதழின் அடி வெறுமையாக இருக்கும். முழு ஆய்விலும் நம்பகமான ஒற்றைச் சோதனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இதழை நுனியில் பிடித்து இழுத்தால் அடி கிழிந்து, பை பூவிலேயே தங்கிவிடும். 'பை இல்லை' என்று தவறாக எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதழ் எண்ணிக்கையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பட்டர்கப் என்றால் ஐந்து இதழ் என்பது பொது விதி. ரெனிஃபார்மிஸில் இதழ்கள் குறுகலாக, ஐந்தைத் தாண்டிப் பத்துக்கும் மேல் போகும். தூரத்தில் பார்த்தால் சூரியகாந்திக் குடும்பத்துப் பூ மாதிரித் தெரியும். அதைப் பார்த்து ஒதுக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பத்துப் பூக்களில் எண்ணி, குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

இதழின் மினுமினுப்பும் நல்ல அடையாளம். மேல்தோல் செல்கள் தட்டையாக, கண்ணாடி போலிருக்கும். அவற்றில் மஞ்சள் நிறமி. அதற்குக் கீழே மெல்லிய காற்றிடைவெளி, அதற்கும் கீழே மாவுச்சத்து நிறைந்த செல்கள். மேலே ஒளி வழுக்கித் திரும்புகிறது, கீழே சிதறித் திரும்புகிறது. இரண்டும் சேர்ந்துதான் எண்ணெய் பூசினாற்போன்ற பளபளப்பு. காய்ந்ததும் அது போய்விடும். அதனால் 'பளபளப்பு உண்டு' என்பதைக் களத்திலேயே எழுதிவிட வேண்டும்.

8. நெடுக்காக ஒரு வெட்டு

ஒரு பூவைப் பிளேடால் காம்போடு சேர்த்து நெடுக்காகப் பிளந்து லென்ஸில் பாருங்கள். நடுவில் மேடாக எழும்பிய பூத்தளம். அதன் உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டாத பச்சைச் சூலக இலைகள் ஏராளம். அவற்றைச் சுற்றி மகரந்தத்தாள்கள். எல்லாமே தனித்தனியாகப் பூத்தளத்தில் நேராக ஊன்றியிருக்கும். இடையில் கிண்ணம் எதுவும் கிடையாது. வெளிவரிசை மகரந்தப்பைகள் முதலில் வெடிக்கும், உள்வரிசை பிறகு. ஆகவே மகரந்தப்பையின் நிறத்தை உள்வரிசையில், வெடிக்காததில் பாருங்கள்.

பூத்தளத்தில் ரோமம் உண்டா இல்லையா என்பதையும் இதே வெட்டில் பார்த்துவிடலாம். மகரந்தத்தாள்களை ஊசியால் தள்ளிவிட்டால் தெரியும்.

9. காய்தான் தீர்ப்பு

இதழ் உதிர்ந்த பிறகு பச்சை முள்ளுருண்டை மாதிரி நிற்பதுதான் காய்க்கொத்து. அதிலுள்ள ஒவ்வொரு மணியும் ஒற்றை விதை கொண்ட ஒரு தனிக் காய், அக்கீன் என்பார்கள். பார்க்க வேண்டியது:

முதலில் கொத்தின் வடிவம், உருண்டையா நீள உருளையா. பிறகு மணியின் நீளம், மில்லிமீட்டரில். அடுத்து முகப்பு: வழவழப்பா, புடைப்பா, முள்ளா. கடைசியாக அலகு: நுனியில் உள்ள அந்தச் சின்ன மூக்கு நேராக இருக்கிறதா, கொக்கியாக வளைந்திருக்கிறதா.

முற்றிய கொத்தைத்தான் எடுக்க வேண்டும். பிஞ்சு மணியில் எல்லா அலகும் நேராகத்தான் தெரியும், முகப்புப் புடைப்பும் எழுந்திருக்காது. தொட்டால் இரண்டு மணி கழன்று விழுகிற பதம் சரியான பதம். அதனாலேயே கொத்தை உறைக்குள் நுழைத்த பிறகு காம்பை வெட்டுங்கள். வெட்டிவிட்டு உறையைத் தேடினால் பாதி மணி சேற்றில் போயிருக்கும்.

10. ஏமாற்றும் செடிகள்

பொட்டென்டில்லா வகை. அதிகம் ஏமாற்றுவது இதுதான். ரோஜாக் குடும்பம். ஐந்து மஞ்சள் இதழ், நிறைய மகரந்தத்தாள், ஒட்டாத சூலகங்கள், எல்லாம் பட்டர்கப் போலவே. மலைச்சாலை ஓரத்தில் மஞ்சள் பூவும் சப்பென்ற சிவப்புப் பழமுமாகப் படரும் காட்டு ஸ்ட்ராபெரியும் இந்த வகைதான். பிரிப்பது எளிது: புல்லிக்கு வெளியே இரண்டாவது பச்சை வட்டம் இருக்கும், காம்படியில் இலையடிச் செதில் இருக்கும், இதழடியில் பை இருக்காது, நெடுக்கு வெட்டில் மகரந்தத்தாள்கள் ஒரு கிண்ண விளிம்பில் நிற்கும். 5, 6, 7, 8 படிகளை ஒழுங்காகச் செய்தவர் இதில் ஏமாற வழியில்லை.

ஹைபெரிகம். சதுப்பில் சாண் உயரத்துக்குள் நிற்கும் சின்ன வகை உண்டு. இலைகள் எதிரெதிராக, காம்பில்லாமல். பட்டர்கப்பில் தண்டு இலை மாறி மாறித்தான் வரும்.

நீர்க்கிராம்பு. பெரும்பாலும் நான்கு இதழ். பூவுக்குக் கீழே நீண்ட காய் காம்பு மாதிரி நிற்கும். மேட்டுச் சதுப்பைவிடக் கொஞ்சம் கீழே, வயல் வரப்புகளில்தான் அதிகம்.

புளியாரையை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தால் அது தவறு. படத்தில் அளவு தெரியாதபோது குழம்புகிறார்கள். இதய வடிவில் மூன்று சிற்றிலை இருந்தால் அது புளியாரை.

11. எந்தச் சிற்றினம்?

பட்டர்கப் என்று உறுதியான பிறகுதான் இந்தக் கேள்வி. சிறுநீரக வடிவ அடி இலை, நிமிர்ந்த பூந்தண்டு, பல இதழ், திறந்த புல்மேடு: ரெனிஃபார்மிஸ். 1834-இல் தாவரவியலாளர்கள் வைட்டும் ஆர்னட்டும் தென்னிந்தியத் தாவர நூலில் வெளியிட்ட பெயர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய செடி. மூன்றாகப் பிரிந்த இலை, படரும் தண்டு, நிழல் ஈரம்: வாலிச்சியானஸ். இது இலங்கையிலும் உண்டு. நீலகிரி, பழனி மலைத் தாவரப் பட்டியல்களில் டிஃப்யூசஸ், சப்பின்னேட்டஸ் என்ற பெயர்களும் வரும். இலை மூன்றுக்கும் மேல் பிளந்திருந்தால் அவற்றின் விளக்கத்தோடும் ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

மணியின் முகப்பில் முள் இருந்தால் மியூரிகேட்டஸை நினையுங்கள். அது அயல் செடி, மணியும் பெரிது. கொத்து நீள உருளையாக, மணி 1 மில்லிமீட்டர் அளவில், தண்டு உள்ளே கூடாக இருந்தால் ஸ்கெலரேட்டஸின் அடையாளம். அது வட இந்தியச் சமவெளி ஆற்றோரங்களின் செடி. நம் மலையில் அந்தப் பெயரை எழுதுவதற்கு முன் காயை இன்னொரு முறை பாருங்கள்.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளை இங்கே நம்ப வேண்டாம். அவற்றுக்குக் கிடைத்திருக்கும் படங்களில் பெரும்பகுதி ஐரோப்பியச் செடிகள். அதனால் ரனன்குலஸ் ரெப்பன்ஸ் போன்ற ஐரோப்பியச் செடியின் பெயரைத் தயங்காமல் சொல்லிவிடும். பேரினம் வரை ஏற்றுக்கொள்ளலாம், அதற்கு மேல் காயைக் கேளுங்கள்.

12. படம்

ஆறு படம் போதும்: இடம், ஸ்கேலோடு முழுச் செடி, காம்படி, பூவின் அடிப்பக்கம், பூவின் பக்கவாட்டு, முற்றிய காய்க்கொத்து. மேலிருந்து எடுத்த அழகான பூப்படம் ஏழாவதாக இருக்கட்டும்.

வெயிலில் இதழின் பளபளப்பு கேமராவை ஏமாற்றி, இதழ் நடுவில் வெள்ளைத் திட்டாக வெளுத்துவிடும். குடையால் நிழல் போடுங்கள். போனில் இதழைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி எடுங்கள். இருட்டாகத் தெரிந்தாலும் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்த இடத்தில் ஏற்ற எதுவும் மிச்சமிருக்காது.

13. மாதிரி எடுத்தால்

அனுமதி உள்ள இடத்தில் மட்டும். முதலில் எண்ணுங்கள்: கண்ணுக்கெட்டிய தூரத்தில் 20 செடியாவது இருந்தால் ஒன்று எடுக்கலாம். அதற்குக் குறைவு என்றால் படத்தோடு திரும்பிவிடுங்கள்.

வேரின் சேற்றை அங்கேயே ஓடும் நீரில் அலசி, ஈரத்தைத் துணியில் ஒற்றி, உடனே செய்தித்தாளுக்குள் வையுங்கள். பாலித்தீன் பையில் போட்டு மாலை வரை தூக்கித் திரிந்தால் இதழ் அத்தனையும் பையின் அடியில் கிடக்கும். பட்டர்கப் இதழ் அவ்வளவு இலேசாக உதிரும். உதிர்ந்த இதழ்களையும் காய்களையும் தனி உறையில் போட்டு அதே தாளில் வையுங்கள். ஒரு இலையையாவது கவிழ்த்துப் பரப்புங்கள். ஒட்டிய பிறகு அடிப்பக்கத்து ரோமத்தைப் பார்க்க வேறு வழி இருக்காது.

சதுப்புச் செடியில் தண்ணீர் அதிகம். முதல் நாலு நாளும் தினமும் தாள் மாற்றுங்கள், முதல் நாளில் இரண்டு முறை. மேட்டுக் குளிரில் காயாது, கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். அடுப்படி ஓரத்துச் சூடு உதவும், நேர் தீ வேண்டாம். தொட்டால் குளிர்ச்சி தெரியாமல் மொரமொரப்பாக நின்றால் காய்ந்துவிட்டது. 42 × 28 செ.மீ. தாளில் தைத்து அல்லது ஒட்டி வையுங்கள்.

சீட்டில் இவை இருக்க வேண்டும்: தேதி, இடம், உயரம், ஈர வகை, நிழலா வெயிலா, புல்லியின் நிலை, இதழ் எண்ணிக்கையும் பளபளப்பும், எடுத்தவர் பெயர், எண். சிற்றினப் பெயரைப் பென்சிலில் எழுதுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரத் தொகுப்பும், பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் தொகுப்பும் இருக்கின்றன. முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டு, தாளைக் கொண்டுபோய் அங்குள்ள மாதிரிகளோடு ஒப்பிட்ட பிறகு அந்தப் பென்சில் பெயர்மேல் மை ஏற்றலாம். காய் உறை மட்டும் அந்தத் தாளை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ளவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.